பாத்துச் செய்யுங்க

எங்கள் சர்ச் வீதியில் ஒரு படகு நிற்கிறது. அன்னூர்ப் பக்கம் இருந்துகொண்டு கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காடு தாண்டி அரை நாள் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், டிராக்டர் டிரெய்லர் மேல், இரண்டு பக்கமும் கட்டை முட்டுக்கொடுத்து, வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் படகு. அதன் மூக்கு சரியாக என் வீட்டு கேட்டை மோந்துகொண்டிருக்கிறது. காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும். ஸ்கூட்டியை வெளியே எடுக்க வேண்டுமானால் கண்ணாடியை மடக்கி, என் வயிற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே படகின் சொந்தக்காரர் ஞானாபரணம் அண்ணன் கேட்கத்தான் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டு முன்னாடி இடைஞ்சலா இருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லைங்கண்ணா. ஒரு ஓரமாத்தானுங்களே நிக்குது."

சொன்னது என் வாய்தான். எங்கள் பக்கத்து வாய் அப்படி. காலை மிதித்தவனிடம்கூட "கால் கொஞ்சம் சுகமா இருக்குதுங்களா?" என்றுதான் விசாரிப்போம். 'வேண்டாம்', 'முடியாது', 'எடுத்துத் தொலைங்க' என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாத வார்த்தைகள் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பேசுகிற வார்த்தைகள்.

எங்கள் வீதியில் இதற்கு விதிவிலக்கு ஒரே ஒருவர்தான். ஞானாபரணம் அண்ணனின் மனைவி அற்புதம் அக்கா. மணப்பாட்டுக்காரர். கல்யாணமாகி இங்கே வந்து தலையே நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் கடற்கரையை விட்டுக் கிளம்பவில்லை. குழம்பில் உப்பு கூடினால், "உப்பு கூடிட்டு" என்பார். அப்படியே நேருக்கு நேராக. முதல் தடவை கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இந்தப் படகே அவருடைய முழங்காலிலிருந்து வந்ததுதான். ஞானாபரணம் அண்ணன் பம்ப் கம்பெனியில் பெயின்ட் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பளபளப்பு என்றால் அவருக்கு உயிர். அவர் வீட்டு கேஸ் சிலிண்டர்கூட மின்னும். பாத்ரூமுக்கு, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி டைல்ஸ் போட்டார். அதில்தான் அக்கா வழுக்கி விழுந்து, முட்டி ஆபரேஷன் வரைக்கும் போனது. கட்டிலில் கிடந்தபடி அக்கா ஒரு நேர்ச்சை வைத்தார்: எழுந்து நடந்துவிட்டால், சொந்த ஊரில் செய்கிற மாதிரி, திருவிழாவன்று மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றி ஊர்க் குளத்தைச் சுற்ற வேண்டும்.

அண்ணன் பக்கத்தில் நின்று சத்தமாக ஆமென் சொன்னார். ஏன் சொல்ல மாட்டார்? அப்போது குளத்தில் சீமைக்கருவேல முள்ளும், ஒரு கிரிக்கெட் பிட்ச்சும்தான் இருந்தன. எங்கள் வயதுக்கு அதில் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அப்புறம் அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் குழாயில் வந்து குளம் நிரம்பியது. முட்டியும் குணமாகிவிட்டது. அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் கொச்சிக்குப் போய்ப் பழைய படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

படகின் முன்பக்கம் தட்டையாக ஒரு மேல்தளம் உண்டு. அதில் பாட்டில் மூடியைவிடச் சின்னதாக, டைமண்டு டைமண்டாக மேடு எழும்பியிருக்கும். ஈரக்கால் வழுக்காமல் இருப்பதற்காகவாம். லாரியில் வரும்போது கட்டியிருந்த சங்கிலியின் கொக்கி வாளையாறு தொட்டு இங்கே வரைக்கும் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு முறம் அகலத்துக்குத் தோல் உரிந்து, வெடித்து, டைமண்டெல்லாம் போய், உள்ளே இருக்கிற ஃபைபர் நார் தெரிந்தது. அந்த இடம் எது என்றால், சரியாக மாதா சுரூபத்தை வைக்க வேண்டிய இடம்.

பங்குத் தந்தை ஃபாதர் கிறிஸ்டோ வந்து பார்த்தார். இளவயசு, நல்ல மனுஷர், எங்கள் பக்கத்துக்காரர். அதனால் கால் மணி நேரம் படகைப் பாராட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். சுரூபம் மரத்தில் செதுக்கியது, நூறு வருஷத்துக்கு முந்தியது, விழுந்தால் வேறு கிடையாது. வருஷா வருஷம் டிராக்டரில் போகும்போதுகூடச் சுற்றி நாலு பேர் நின்று பிடித்துக்கொண்டுதான் போவார்கள்.

"சனிக்கிழமை சாயங்காலம் வாரேனுங்க. தளத்தை நல்லா நனைச்சு வையுங்க, வெறுங்கால்ல ஏறிப் பாக்கறேன். வழுக்கலைன்னா ஞாயித்துக்கிழமை பவனி படகுலதானுங்க. வழுக்குச்சுன்னா…" என்று இழுத்து, வானத்தைப் பார்த்து, "டிராக்டரும் நல்லாத்தானுங்களே இருக்கும்" என்று முடித்தார்.

அற்புதம் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நேர்ச்சை டிராக்டருக்கு இல்ல சாமி" என்று மட்டும் சொன்னார்.

கரும்புக்கடை ஏரியாவிலிருந்து ரசாக் பாய் வந்து இறங்கியது திங்கட்கிழமை. ஃபைபர் கதவு செய்வார், ஜவுளிக்கடைக்குப் புடவை கட்டி நிறுத்துகிற பொம்மை செய்வார். படகை அதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறார். அதை வெளியில் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

"ஃபைபருன்னா எல்லாம் ஒரே குடும்பமுங்க. பொம்மைக்குக் கால் இருக்கு, படகுக்கு இல்லை, அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்று உடைந்த இடத்தைத் தட்டினார். "இந்த மேல் தோலு இருக்குதுங்களே, இதுக்குப் பேரு ஜெல்கோட்டு. இதுதான் போயிருக்குது. உள்ள நார் வெச்சு ரெசின் போட்டு நெரவி, மேல ஜெல்கோட்டு பூசி, நைசா தேச்சு உட்டுரட்டுங்களா?"

ஞானாபரணம் அண்ணன் டைமண்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "நைசா" என்ற வார்த்தை அவருக்கு உறுத்தியிருக்கிறது. அது பின்னால் தெரிந்தது. அப்போது அவர் சொன்னது இதுதான்:

"பாத்துச் செய்யுங்க."

எங்கள் ஊரில் 'பாத்துச் செய்யுங்க' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். 'உங்களுக்கே தெரியும், எனக்கு மனசில்லை' என்று அர்த்தம். வேலை செய்ய வந்தவர்களுக்கு மட்டும் அதற்கு 'ஜமாய்ங்க' என்று அர்த்தம்.

ரசாக் பாய் ஜமாய்த்தார். நெரவினார், பூசினார், தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மறுநாள் பார்த்தால் அந்த முறம் அகலத்து இடம் கண்ணாடி. டைமண்டு காட்டுக்கு நடுவில் ஒரு ஸ்கேட்டிங் மைதானம். வீதியே வந்து பார்த்தது. எதிர் வீட்டு சுப்பாத்தாள் அக்கா முகத்தைக் குனிந்து பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, "அட, என்னமா இருக்குதுங்க!" என்றார்.

அற்புதம் அக்கா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து அதன்மேல் ஊற்றினார். ஒரு தேங்காயை எடுத்து வைத்தார். தேங்காய் சர்ரென்று போய் என் கேட்டில் மோதி நின்றது.

"மாதாவும் இப்பிடித்தான் போகும். பாய்கிட்டச் சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதை நான் கேட்டுக்கு உள்பக்கம் இருந்து காது கொடுத்துக் கேட்டேன்.

"ரொம்பப் பிரமாதமா வந்திருக்குதுங்க பாய். எங்க ஊட்டு டைல்ஸ்கூட இப்பிடி இல்லைங்க. அதுல கொஞ்சூண்டு… கிரிப்பு மாதிரி ஏதாச்சு இருந்தா இன்னும் தூக்கலா இருக்குமுங்க. ஒன்னும் அவசரமில்லைங்க."

"அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாமுங்க" என்றார் பாய். அவசரமில்லை என்று அண்ணன் சொன்னார் அல்லவா, நேராகப் பல்லடம் போய் ஒரு தறிக்குடோனுக்குக் கதவு மாட்ட ஆரம்பித்துவிட்டார். புதன்கிழமை முழுக்க அண்ணன் வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்தார். போன் போட்டால், "சாப்டீங்களா பாய்? சும்மாதானுங்க கூப்டேன்" என்று வைத்துவிடுவார். மனுஷருக்கு வியர்த்துக் கொட்டும். "ஏன்ய்யா, வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிருமா?" என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவார்.

வியாழக்கிழமை பாய் வந்தார், கையில் ஒரு பை மணலோடு. பீளமேட்டுப் பக்கம் ஏதோ ஃபவுண்டரியில் தெரிந்தவரிடம் வாங்கிய மணலாம்.

"ஜெல்கோட்டைப் பூசி, ஈரம் காயறதுக்குள்ள இதைத் தூவி உட்டோமுன்னா கிரிப்புன்னா கிரிப்பு, அப்பிடி ஒரு கிரிப்புங்க. தூவட்டுங்களா?"

அண்ணன் ஒரு சிட்டிகை மணலை எடுத்து விரலில் உரசிப் பார்த்தார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துச் செய்யுங்க."

கடவுளே என்று எனக்கு வந்தது.

கிரிப்பு வந்தது. சாயங்காலம் அண்ணன் வெறுங்காலோடு அதில் ஏறி நின்று, ஒரு திரும்பு திரும்பினார். இறங்கும்போது உள்ளங்கால் துருவிய கேரட் மாதிரி இருந்தது. உலகத்திலுள்ள உப்புத்தாளையெல்லாம் ஒட்டி வைத்த மாதிரி ஒரு தளம். மாதாவைப் பிடிக்கிறவர்கள் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், அது முறை.

"நல்லாப் புடிக்குதுங்க பாய்" என்றார் அண்ணன், ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. "செருப்புப் போட்டுக்கிட்டா ஒன்னும் தெரியாதுங்க."

"செருப்பா?" அற்புதம் அக்கா வாசல்படியில் வந்து நின்றார். "மாதா பக்கத்துல செருப்புப் போட்டுட்டு நிப்பியளா? சொரண்டி எடுக்கச் சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் ஆள் விடாக்கண்டர். டிரெய்லர் சக்கரத்துமேல் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார், உடையாத பக்கத்து டைமண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். திடீரென்று தொடையில் தட்டினார்.

"பொம்மை மூஞ்சி!"

ஜவுளிக்கடைப் பொம்மைக்கு ஒரே முகத்தைப் பத்துப் பொம்மைக்கு எடுக்க வேண்டும் என்றால், முதல் முகத்தின் மேல் ரப்பர் கூழைப் பூசி, இறுகினதும் உரித்து எடுப்பாராம். ரப்பரில் மூக்கு பள்ளமாக இருக்கும். அதற்குள் ஊற்றினால் அதே மூக்கு மறுபடி வரும். இங்கேயும் அதே வேலைதான். நல்ல டைமண்டின் மேல் மெழுகு தடவி, ரப்பரைப் பூசி, உரித்துவிட வேண்டும். உடைந்த இடத்தில் புது ஜெல்கோட்டைப் பூசி, ரப்பரைக் கவிழ்த்து வைத்து அழுத்தி, இறுகினதும் எடுத்தால், பழைய டைமண்டோடு புது டைமண்டு வரிசை பிடித்து நிற்கும். கேட்டதும் எனக்கே புரிந்துவிட்டது. திங்கட்கிழமையே இது ஏன் தோன்றவில்லை என்பதுதான் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மணலைச் சுரண்டினார், ரப்பர் எடுத்தார், மத்தியானம் ஜெல்கோட்டைப் பூசி ரப்பரைக் கவிழ்த்தார். மேலே ஒரு பலகை. பலகைமேல் கனமாக ஏதாவது வேண்டும் என்று நாலு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, கிரைண்டர் கல்லு இருந்தாக் குடுக்கறீங்களா?"

ஊறவைத்த அரிசி என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. "அதுக்கென்னங்க, எடுத்துக்கங்க" என்றேன்.

ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரில் ஏறினவர், அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்: "சாயங்காலம் வந்து நானே உரிக்கறேனுங்க. காத்துப் பட்டா ஜெல்கோட்டு இறுகாம பிசுபிசுன்னு நின்னுக்கும். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

பாத்துக்கங்க. காவல் இருங்கள் என்று அர்த்தம். ஞானாபரணம் அண்ணன் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்.

பாய் வீதி திரும்பின கொஞ்ச நேரத்தில் அண்ணன் கல்லை நகர்த்தி, ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மெல்ல மூடினார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் சுப்பாத்தாள் அக்கா வந்து, "இறுகிருச்சுங்களா?" என்று இன்னொரு ஓரத்தைத் தூக்கினார். தையல்கடை பூஜிதா போனில் படம் எடுக்கிறேன் என்று நடுவில் விரலை விட்டாள். பால்காரர், போகிறவர் வருகிறவர், எல்லாரும் பார்த்தார்கள். நான் தூக்கவில்லை. தூக்குகிறவர்களை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம்தான். ஒருத்தர் ஆசையாகப் பார்க்கும்போது எப்படிங்க சொல்வது?

சாயங்காலம் பாய் வந்து ரப்பரை உரித்தார். பாதி டைமண்டு ரப்பரோடு இழுபட்டு வந்தது. மீதி, ஆறிப்போன கேசரி மாதிரி பிசுபிசுத்தது. நட்ட நடுவில் ஒரு விரல் ரேகை, போலீசுக்குக் கொடுக்கலாம் போல அவ்வளவு தெளிவு.

ரசாக் பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபத்தில் அவர் மீசை துடித்தது. கடைசியில் வாயைத் திறந்தார்.

"பரவாயில்லைங்க."

"பாத்துக்கங்கன்னீங்க, பாத்துட்டேதானுங்க இருந்தேன்" என்றார் அண்ணன், நிஜமான வருத்தத்தோடு.

சனிக்கிழமை விடிந்தது. சாயங்காலம் ஃபாதர் வருகிற நாள். காலையில் பாய் வந்து மறுபடி சுரண்ட ஆரம்பித்தபோது, அற்புதம் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து படகுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஜெபமாலை. ஆபரேஷன் ஆன காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் இஞ்ச வாங்க" என்றார். இரண்டு பேரும் போய் நின்றார்கள். "நான் அந்தப் பாத்ரூம் தரையில கெடந்து கத்துனப்ப, ஒன்னுமில்லைங்கன்னா சொன்னேன்? வலிக்குதுன்னேன். இன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்தப் படகுப் பக்கத்துல நின்னா ஆமா, இல்ல. வேற ஒண்ணும் பேசக் கூடாது. பாத்துச் செய்யுங்க, பரவால்ல, பண்ணிப்போடலாம், எதுவும் என் காதுல விழக் கூடாது. சாயங்காலம் சாமி வந்து டிராக்டர்னு சொல்லிட்டுப் போனாவன்னா, நான் மாதா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. அக்கா உடனே ஜெபமாலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் சும்மா கூட்டிக்கொண்டிருந்த வாசலை மறுபடியும் கூட்டினேன்.

பாய் ஜெல்கோட்டைக் கிண்ணத்தில் ஊற்றினார். இறுக வைக்கிற ஹார்டனர் பாட்டிலைக் கையில் எடுத்தார். வானத்தைப் பார்த்தார், மேகம் மூட்டமாக இருந்தது, வெயில் இல்லை.

"ஏனுங்கண்ணா, வெயிலு பத்தாதுங்க. ஹார்டனரை வழக்கத்துக்கு மேல உட்டா சீக்கிரம் இறுகிப்போடும். ஆனா பின்னாடி ஒருவேளை வெடிக்க வாய்ப்பிருக்குதுங்க. உடட்டுங்களா?"

"பாத்து…" என்றார் ஞானாபரணம் அண்ணன்.

குடை அசைந்தது.

அண்ணன் குடையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. பம்ப் கம்பெனியில் அத்தனை வருஷம் பெயின்ட் சரியில்லாத பம்பைக்கூட, "இதை இன்னொருக்காப் பூசுனா அதுக்கும் சந்தோஷமா இருக்குமுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மனுஷர்.

"வேண்டாம்" என்றார்.

வெறும் வேண்டாம். வால் இல்லாத வேண்டாம். சுப்பாத்தாள் அக்கா கையிலிருந்த கருவேப்பிலைக் கொத்தைக் கீழே போட்டுவிட்டார். பாய் அடித்துவிடப் போகிறார், இல்லாவிட்டால் அழுதுவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

பாய் பாட்டிலை மூடி வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அப்பாடா! எனக்கும் அதேதானுங்க மனசுல. வேண்டாமுன்னு நீங்க சொல்லோணும்னுதானுங்க கேட்டதே. அன்னைக்கு நைசா தேய்க்கட்டுங்களான்னு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்களே!"

"சொன்னேனுங்களே! பாத்துச் செய்யுங்கன்னேனே!"

"நான் சரிங்கறீங்கன்னு நெனச்சேனுங்க!"

"ஆமா, இல்ல!" என்றார் அக்கா நாற்காலியிலிருந்து.

அதற்கப்புறம் வேலை நடந்தது. ஹார்டனர் அளவாக, ரப்பர் வரிசை பிடித்து, பலகை, அதன்மேல் என் கிரைண்டர் கல். அக்கா நாற்காலியை விட்டு எழவே இல்லை. பூஜிதா போனோடு வந்தாள். குடை நீண்டது, திரும்பிப் போனாள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே போனார். மத்தியானம் மூட்டம் விலகி நல்ல வெயில் அடித்தது. வெயில் சாய்கிற நேரத்தில் பாய் பிஸ்மில்லா சொல்லி ரப்பரை உரித்தார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

டைமண்டு! வரிசை வரிசையாக, பழசோடு கைகோத்துக்கொண்டு. நிறம் மட்டும் ஒரு சுற்று வெளுப்பு. அக்கா ஈரக்கையை வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கவில்லை, கீறவும் இல்லை. "சரியா இருக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம். ஃபாதர் வருவதற்குள் குளித்துப் புடவை மாற்றலாம் என்று உள்ளே போனார்.

அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் ஃபாதர் வந்தார். பாயும் கிளம்பாமல், கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றார். பூஜிதா ஒரு குடம் தண்ணீரைத் தளம் முழுக்க ஊற்றினாள். ஃபாதர் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி ஓரமாக, பழைய டைமண்டு பக்கம் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைத்தார்.

அடுத்த நிமிஷம் இரண்டு காலும் மேலே இருந்தன. நல்லவேளை, கையில் படகு ஓரத்துக் கம்பி அகப்பட்டது. உட்கார்ந்தபடியே அரை வட்டம் அடித்து எங்களைப் பார்த்து நின்றார்.

"ஒன்னுமில்லைங்க, ஒன்னுமில்லைங்க" என்றார் ஃபாதர்.

அக்கா தளத்தில் விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். "இது என்னது? கார் பாலீஷா?"

ஞானாபரணம் அண்ணன் ஒரு அடி பின்னால் போனார். "புதுசு பளிச்சுனு இருந்துச்சு அற்புதம், பழசெல்லாம் மங்கிக் கெடந்துச்சு. ஃபாதரு வர்ற நேரத்துல நல்லா இருக்கட்டுமுன்னு புதுசை உட்டுப்போட்டு மத்த எடத்துக்கெல்லாம் கொஞ்சம் மெழுகு… பாய்கிட்டக்கூடக் கேட்டேனே!"

எல்லாரும் பாயைப் பார்த்தோம்.

"உங்க இஷ்டமுங்கன்னு சொன்னேனுங்க" என்றார் பாய் சின்னக் குரலில்.

"இஷ்டமுன்னா சரின்னுதானுங்களே அர்த்தம்?"

"வேண்டாமுன்னுங்க அர்த்தம்!"

அக்கா தலையில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெழுகைத் துடைக்க முடியாதா என்று சுப்பாத்தாள் அக்கா கேட்டார். தின்னர் போட்டால் போகுமாம்; ஆனால் இன்றைக்குப் பூசின ஜெல்கோட்டில் தின்னர் பட்டால் அது பாழாம்; நாளைக் காலைக்குள் நடக்காதாம். இந்தத் தடவை பாய் இதை ஒரு 'ங்க'கூட இல்லாமல் சொன்னார். காலம் கடந்த ஞானம்.

ஃபாதர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "டிராக்டரும் ஒன்னும் மோசமில்லைங்களே…"

அக்கா நிமிர்ந்தார். "சாமி, அந்த ஒட்டுப் போட்ட எடத்துல ஏறி நில்லுங்க."

ஃபாதர் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கம்பியைப் பிடித்து எழுந்து, அந்த முறம் அகலத்தில் நின்றார். ஒரு காலை அழுத்தினார். லேசாகக் குதித்தார். பூஜிதா இன்னொரு குடத்தை அவர் காலிலேயே ஊற்றினாள். அசையவில்லை.

"வழுக்குதா சாமி? ஆமாவா, இல்லையா?"

ஃபாதர் வாயைத் திறந்தார். பரவாயில்லைங்க என்று வந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார்.

"இல்லை."

"மாதா பீடம் அதைவிடப் பெருசா?"

"இல்லை. கச்சிதமா ஒக்காரும். ஆனா சுத்தி நாலு பேரு புடிச்சுட்டு நிக்கோணுமே? அவங்க எங்கம்மா நிப்பாங்க?"

"எதுக்கு நிக்கணும்?" என்றார் அக்கா. "ஓடுத படகுல எவனாவது நிப்பானா? எங்க ஊருல எல்லாரும் கீழ உக்காந்துதான் வருவாவ. மாதா மட்டுந்தான் நிக்கும்."

ஃபாதர் பாயைப் பார்த்தார், பாய் அண்ணனைப் பார்த்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களேக்கா" என்றார் ரசாக் பாய், அழாத குறையாக.

"நீங்க ஒருத்தராவது கேட்டியளா?"

ஞாயிற்றுக்கிழமை படகு குளத்தில் இறங்கியது. மாதா அந்த வெளுத்த ஒட்டின்மேல் நின்றார். எல்லாரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஞானாபரணம் அண்ணன் பழக்கதோஷத்தில் ஒரு தடவை எழுந்தார். சர்ரென்று வழுக்கி, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். நடுக்குளத்தில் ஒரு காற்று வந்து படகு சாய்ந்தது, தண்ணீர் வாரித் தளத்தில் அடித்தது. கரையில் நின்ற நாங்களெல்லாம் ஐயோ என்று கத்திவிட்டோம். சுரூபம் நூல் அளவு நகரவில்லை. அற்புதம் அக்கா காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிடிக்கக் கைகூட நீட்டவில்லை, பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கரையில் பாய் எல்லாரையும் கூப்பிட்டு, "அந்த எடம் நான் போட்டதுங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மண்டையில் இடித்தது. படகு மறுபடியும் என் கேட்டுக்கு நேராக நின்றது. என் கிரைண்டர் கல் அதற்குள்ளேதான் எங்கேயோ கிடக்கிறது. அரிசி புளித்துப் பொங்கி, அதை நான் கொட்டியும் ஆயிற்று.

ஞானாபரணம் அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வந்தார். ஆள் மாறியிருந்தார். வேண்டாம் சொல்லப் பழகினவர் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்.

"ஏனுங்க அம்மணி, மறைக்காமச் சொல்லுங்க. இடைஞ்சலுன்னா இன்னைக்கே வேற எடத்துக்கு மாத்திப்போடறேன். நகத்தட்டுங்களா?"

மண்டையைத் தடவிக்கொண்டேன். நகர்த்துங்கள் என்று நுனி நாக்கு வரை வந்தது.

"ஒன்னும் அவசரமில்லைங்கண்ணா," என்றேன். "பாத்துச் செய்யுங்க."